மூன்றாம் பாடத்தைத் திருத்தக் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தாராளவாதமும் அதன் விமர்சகர்களும் பற்றிய இணையவழிப் படிப்பில் உள்ள தவறும் விடுபடல்களும்

ஐயா / அம்மையீர்,

முழுக் கட்டணமும் கட்டி இந்தப் படிப்பில் சேர்ந்தேன். தனிமனித உரிமையை முதன்மையாக வைக்கும் தாராளவாதத்தை முன்வைத்த அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் பற்றிய முதல் இரண்டு பாடங்களும் அருமை. 1971இல் வந்த அவருடைய நீதிக் கோட்பாட்டை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் கேட்டதில்லை. குறை மூன்றாம் பாடத்தில்.

ரால்ஸை விமர்சித்த தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டலுக்கு அதில் ஒரே ஒரு ஸ்லைடு. “தனிமனிதரைவிடச் சமூகமே பெரிது என்பது இவர் வாதம்” என்று போட்டிருக்கிறீர்கள். தேர்விலும் அதையே கேட்டு, மாற்றி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்கள். 1982இல் சாண்டல் எழுதியது அதுவல்ல. சமூகத்தின் விதிகளை வகுக்கும் ஒரு கற்பனை நிலையில், ‘அறியாமைத் திரை’க்குப் பின்னால் நிற்பவருக்குத் தன் மதம், குடும்பம், திறமை, எது நல்ல வாழ்க்கை என்ற தன் நம்பிக்கை எதுவுமே தெரியாது என்கிறார் ரால்ஸ். சரி, இத்தனையும் கழற்றி வைத்த பிறகு முடிவெடுக்க அங்கே மிஞ்சுவது யார்? சாண்டல் கேட்டது இதைத்தான். மகள்மீது ஒரு தாய்க்குள்ள பிடிப்பு, கடையில் பொருள் எடுப்பதுபோல அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. அது போனால் அவளே வேறு ஆள். பெரும்பான்மை ஏற்பதே நியாயம் என்ற பொருளில் தன்னைச் சமூகவாதி என்று சொல்வதை, 1998ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே மறுத்திருக்கிறார். அவர் மறுத்ததையே அவர் கருத்தாகக் கற்பிக்கிறீர்கள்.

நான்காம் பாடம் முழுக்க ராபர்ட் நோசிக். அவர் ரால்ஸை எதிர்த்தவர்தான். ஆனால் அவரும் தனிமனித உரிமையில்தான் தொடங்குகிறார். தாராளவாதத்தின் அடிப்படையை அவர் கேள்வி கேட்கவில்லை. அதைக் கேட்டவர்களோ பாடத்தில் இல்லை. மக்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு அரசை அமைத்தார்கள் என்னும் சமூக ஒப்பந்தத்தில் பெண்களுக்கு என்ன இடம் என்று 1988இல் கேட்ட கரோல் பேட்மன், வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்ன இடம் என்று 1997இல் கேட்ட சார்ல்ஸ் மில்ஸ், இருவர் பெயரும் வரவில்லை.

அப்புறம், 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தாராளவாதச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சுதந்திரம் பற்றிய தன் கொள்கை ‘பின்தங்கிய’ சமூகங்களுக்குப் பொருந்தாது என்று 1859இல் எழுதியவர். இந்திய மாணவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

மூன்றாம் பாடத்தைத் திருத்துங்கள். அந்தக் கேள்விக்குக் குறைத்த மதிப்பெண்ணை எல்லா மாணவர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். விடுபட்டவர்களுக்குத் தனிப் பாடம் சேருங்கள். முடியாது என்றால் என் கட்டணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்லைடின் படத்தையும் கட்டண ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்