செயலாளர் ஆண்டறிக்கை: பயனர் கையேட்டுச் சோதனையின் முன்னோட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் வருகிறது. இங்கே கையேட்டு ஆய்வின் முன்னோட்டம், அதாவது முதன்மை ஆய்வுக்கு முந்தைய சோதனை ஓட்டம், மட்டும். எடுத்துக்கொண்டது, வீட்டில் பிபி (இரத்த அழுத்தம்) பார்க்கும் டிஜிட்டல் கருவியின் கையேடு. அதன் குறைகளைவிட நமது பணித்தாளின் (கையேட்டைக் கொண்டு பங்கேற்பாளர்கள் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல்) குறைகளே அதிகம் அகப்பட்டன. முன்னோட்டம் வைப்பதே அதற்குத்தானே.

"நினைவகத்தில் உள்ள அளவீடுகளைக் காண்க" என்று ஒரு பணி. கையேட்டின் தலைப்பிலும் அதே சொற்கள். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பக்கத்தைப் பிடித்துவிடலாம். தேட முடிகிறதா என்பது தெரியாது. "நேற்றுக் காலை பிபி எவ்வளவு இருந்தது என்று மருத்துவர் கேட்கிறார்" என்று மாற்றியிருக்கிறோம். இதற்கு நேற்றைய தேதியில் ஓர் அளவு முன்பே பதிந்திருக்க வேண்டும். ஆனால் தேதி அமைக்கும் பணிக்கோ கடிகாரம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு கருவிகள் தேவை. கையேடும் ஆளுக்கொரு புதுப் பிரதி: முன்னவர் அழுத்திப் பிரித்த பக்கத்திலேயே பழைய பிரதி தானாகத் திறந்துகொள்ளும்.

பெரிய தவறு வேறு. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். பிபி எடுக்கும்போது பேசினால் அளவு ஏறும்; பேசாதீர்கள் என்றே கையேடும் சொல்கிறது. கையேட்டை மீறும்படி நாமே கேட்டிருக்கிறோம்! இனி அளவெடுக்கும்போது மௌனம். முடிந்தபின் காணொளியைப் போட்டுக்காட்டி, அந்தந்த இடத்தில் என்ன நினைத்தார் என்று கேட்பது. மற்றப் பணிகளில் பேசிக்கொண்டே செய்யலாம், ஆனால் பேச்சு வேகத்தை மாற்றும் என்பதால் அவற்றுக்கு நேரம் குறிக்கக் கூடாது.

கருவியின் கைப்பட்டையைப் பங்கேற்பாளர்கள் கையேடு பார்க்காமலே கட்டிவிட்டு, சரியாகக் கட்டியதாக நம்புவார்கள். "சரி" என்பதற்கு அளவு எழுதிவைக்காததால் பார்வையாளர் இருவர் இருவிதமாக மதிப்பிட்டனர். இப்போது எழுதிவிட்டோம்: கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, பட்டை இதய மட்டத்தில். கையேட்டைத் திறந்தாரா, எப்போது திறந்தார் என்பதற்குத் தனிக் கட்டம். நடத்துபவர் தலையாட்டுவதும் துப்புக் கொடுப்பதுதான். அவர் பங்கேற்பாளரின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் உட்கார வேண்டும்.

"5 பேர் போதும்" என்று கூட்டத்தில் எழுந்த வாதம் பற்றி: ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு 31% என்றால்தான் 5 பேரில் சுமார் 85% குறைகள் தெரியவரும். வாய்ப்பு 10% ஆக இருந்தால் 41% மட்டுமே. பிபி கையேட்டில் ஆபத்தான தவறுகள் அரிதானவையாகவும் இருக்கலாம். ஆகவே 5 பேர் கொண்ட சுற்றுகளாக நடத்தி, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் கையேட்டைத் திருத்தக் குழு பரிந்துரைக்கிறது.

முன்னோட்டத் தரவு முதன்மை ஆய்வுக் கணக்கில் சேராது. திருத்திய பணித்தாள் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது.

செயலாளர்