இடிபடாமல் பிழைத்த மடத்துப் பண்ணை

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்துப் பழைய வீடுகள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் எல்லாமே பிரபுக்களின் மாளிகைகள்தான். பண்ணை வீடுகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வில்ட்ஷயரில் டிஸ்பரி என்ற ஊரில் பிளேஸ் ஃபார்ம் இருக்கிறது. ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்குச் சொந்தமான பண்ணை அது. அந்த மடத்துத் தலைவியும் கிளாஸ்டன்பரி மடத் தலைவரும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளைக்கு ராஜாவைவிட அதிக நிலம் இருக்கும் என்று அந்தக் காலத்தில் கிண்டலாகப் பேசுவார்களாம், அவ்வளவு சொத்து! விளைச்சலைப் பாதுகாக்க வேண்டுமே, அதனால்தான் ஒரு பண்ணை வீட்டுக்கு உள்வாசல், வெளிவாசல் என்று இரண்டு கல் வாயிற்கட்டடங்கள். கல்லும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான், சாலிஸ்பரி பேராலயத்துக்கும் அந்தப் பக்கத்துக் கல்தான் போனது. கூடவே கிட்டத்தட்ட 200 அடி நீளத்துக்கு ஒரு தானியக் களஞ்சியம், மேலே வைக்கோல் கூரை.

மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் ஷாஃப்ட்ஸ்பரியும் போனது. மடத்துத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள், இன்று அங்கே அடித்தளம்தான் மிச்சம். பண்ணையை மட்டும் யாரும் தொடவில்லை. யார் முதலாளியானாலும் கோதுமையோ பார்லியோ கொட்டி வைக்க இடம் வேண்டும் இல்லையா? களஞ்சியத்தில் 2016இல் கலைக்கூடம் திறந்தார்கள். சும்மா பூட்டி வைப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அடுத்த இணைப்பில் இப்படிப்பட்ட பண்ணைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், படங்களோடு.

– ஒரு வாசகர்