எட்டாவது எபிசோடைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன். குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த எட்டாவது எபிசோட் என்னைத் தூங்கவிடவில்லை. கதாநாயகன் மிச்சம் மீதியையெல்லாம் கடைசி ரேஸில் கட்டுகிறான். அவனுடைய குதிரை ஒரு கழுத்து முன்னால் வந்து ஜெயிக்கிறது. கடனை அடைக்கப் பணம் கிடைத்த நிம்மதியில் வீட்டுக்கு நடக்கிறான், தொடர் முடிகிறது. உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த முடிவை எழுதுகிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அப்பா ரேஸுக்குப் போனவர். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவர் தோற்றுவிட்டு வரும் நாட்களில் அம்மா எதுவும் கேட்க மாட்டார். ஜெயித்துவிட்டு வரும் நாட்களில்தான் அம்மாவுக்குப் பயம். ஒருநாள் பெரிய தொகையோடு வந்தார். நோட்டுக்கட்டை மேசையில் வைத்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் மறுநாள் ரேஸ் புக்கை, அதாவது ஓடப்போகிற குதிரைகளின் பட்டியல் புத்தகத்தை, விரித்து உட்கார்ந்துவிட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு ரேஸிலும் மூன்று பெயருக்கு டிக் போட்டார். அப்புறம் இரண்டை அடித்தார். அடித்ததில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக் குதிரை ஜெயித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். "கையில இருந்துச்சு, விட்டுட்டேன்" என்பார். இல்லையென்றால் "ஷார்ட் ஹெட்ல போச்சு" என்பார், ஒரு தலை நீளம்கூட இல்லாத வித்தியாசத்தில் போச்சு என்று அர்த்தம். தோற்றேன் என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

உன் எழுத்தில் எனக்கு இதுதான் கிடைக்கவில்லை. 1,200 மீட்டர் ரேஸ் ஒன்று ஏறத்தாழ 70 வினாடியில் முடிந்துவிடும். நீண்ட ரேஸையும் சேர்த்தாலும், எட்டு ரேஸ் உள்ள ஒரு நாளில் குதிரைகள் ஓடுவது மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஒரு ரேஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி நேரம் போகும். அந்த அரை மணியில்தான் சூதாடுகிறவன் பலகையில் மாறும் விலையை, அதாவது ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்பதை, பார்க்கிறான், யாரோ காதில் சொன்ன டிப்ஸை நம்புகிறான், வீட்டுச் செலவுக்கென்று தனிப் பையில் வைத்ததைத் தொடுகிறான். கேமரா அங்கே போவதே இல்லை. பன்னிரண்டு நிமிடத்தை ஸ்லோ மோஷனில் காட்டிவிட்டு நாலு மணி நேரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

அங்கே போன ஒரு தொடர் உண்டு. எச்பிஓ என்ற அமெரிக்க சேனலில் 2012இல் வந்த 'லக்'. அதை உருவாக்கிய டேவிட் மில்ச் சொந்தமாகக் குதிரை வைத்திருந்தவர். அவர் கூட்டாக வைத்திருந்த கில்டட் டைம் என்ற குதிரை 1992இல் ப்ரீடர்ஸ் கப் ஜுவனைல் என்ற பெரிய அமெரிக்க ரேஸில் ஜெயித்தது. சூதாட்டம் தன்னை என்ன செய்தது என்பதையும் அவர் மறைத்ததில்லை. அந்தத் தொடரில் நான்கு சூதாடிகள் காசைச் சேர்த்துப் போட்டு, அடுத்தடுத்த ஆறு ரேஸிலும் முதலில் வரும் குதிரையைச் சொல்லும் 'பிக் சிக்ஸ்' கட்டுகிறார்கள். 25 லட்சம் டாலருக்கு மேல் விழுகிறது. இது நடப்பது முதல் எபிசோடிலேயே! நீ முடிக்கிற இடத்தில் மில்ச் தொடங்குகிறார். பணம் வந்த பிறகும் அவர்கள் அதே ரேஸ் கோர்ஸையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். நால்வரில் குதிரையை எடைபோடுவதில் கெட்டிக்காரனான ஜெர்ரி சீட்டு மேசையில் உட்கார்ந்து தன் பங்கைக் கரைக்கிறான். அந்தக் காட்சியில் நான் என் அப்பாவைப் பார்த்தேன்.

இன்னொன்று, கணக்கு. ஆறு ரேஸ், ரேஸுக்கு எட்டுக் குதிரை என்று வை. 2,62,144 விதமாக முடிவு வரலாம். ரேஸ் கோர்ஸின் 'டோட்' கவுண்டரில் ஒரு வகைப் பந்தயத்துக்குக் கட்டுகிற பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். அதில் நடத்துகிறவர்களும் அரசும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. பாரிஸில் ஜோசப் ஒல்லர் 1860களில் கொண்டுவந்த முறை இது. கலிஃபோர்னியாவில் 'வின்', அதாவது ஒரு குதிரை முதலில் வரும் என்று கட்டினால் பிடித்தம் சுமார் 15 சதவீதம், பிக் சிக்ஸ் போன்றவற்றில் 20க்கும் மேல். 15 என்றே வைத்துக்கொள். 100 டாலரை ஐந்து ரேஸில் திரும்பத் திரும்பக் கட்டினால் சராசரியாக 44 டாலர் மிஞ்சும். இத்தனைக்கும் எல்லா ரேஸும் நேர்மையாக ஓடியிருக்கிறது.

சரி, இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், தொடர்களுக்கு 'ரேஸ் ஃபிக்ஸிங்', அதாவது ரேஸில் செய்யும் தில்லுமுல்லு, மேல் அப்படி ஒரு ஆசை. 'பீக்கி பிளைண்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரின் முதல் எபிசோடில், ரவுடிக் கும்பலின் தலைவன் டாமி ஷெல்பி ஒரு குதிரையின் முகத்தில் பொடி ஊதவைத்து, மோனகன் பாய் என்ற அந்தக் குதிரையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சைக் கிளப்புவான். நன்றாக எடுத்த காட்சிதான். ஆனால் இதையே பார்த்துப் பழகியவன், தில்லுமுல்லு இல்லாவிட்டால் நாம் ஜெயித்திருப்போம் என்று நினைத்துக்கொள்கிறான். நீயும் நான்காவது எபிசோடில் ஒரு வில்லனை வைத்திருக்கிறாய். அவன் தேவையில்லை தம்பி, எடுத்துவிடு.

குதிரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'லக்' முதல் எபிசோடில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குதிரைக்குக் கால் முறிகிறது. ஓட்டிய இளம் ஜாக்கி அதன் பக்கத்திலேயே இருக்க, டிராக்கில் வைத்து அதை ஊசி போட்டுக் கொல்கிறார்கள். கதையில் நடந்ததுபோலவே நிஜத்திலும் படப்பிடிப்பின்போது முதல் சீசனில் இரண்டு குதிரைகள் செத்தன. 2012 மார்ச்சில், இரண்டாவது சீசன் எடுக்கும்போது, லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்றாவது குதிரை மல்லாந்து விழுந்து தலையில் அடிபட்டது. அதையும் கொல்லவேண்டி வந்தது. தொடரை அத்தோடு நிறுத்தினார்கள். குதிரையை இவ்வளவு நேசித்து எடுத்த தொடருக்கே அந்தக் கதி. அதைப் படமெடுத்த அதே சான்டா அனிடா ரேஸ் கோர்ஸில், கலிஃபோர்னியாவில், 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜூனுக்குள் 30 குதிரைகள் செத்தன. உன் கதையில் குதிரைக்கு ஒரு பெயர்கூட இல்லை, வெறும் 'ஏழாம் நம்பர்'. ஒரு பெயர் வை. அதற்குத் தண்ணீர் காட்டுகிறவனுக்கும் ஒரு முகம் கொடு. அதிகாலையில் அதன் முன்னங்காலைக் கையால் தடவி எங்கே சூடு இருக்கிறது என்று பார்க்கிறவன் அவன்தான்.

எட்டாவது எபிசோடில் அவன் ஜெயிக்கட்டும், பரவாயில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு காட்சி வேண்டும். அன்றைக்கு ராத்திரி, வீடு. கடன்காரனுக்கென்று எண்ணி வைத்த கட்டு மேசையில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு நோட்டை உருவி அவன் சட்டைப் பைக்குள் வைக்கிறான். கதவோரம் நிற்கிற மனைவி பார்த்துவிட்டாள். வசனம் எதுவும் வேண்டாம்.

எழுதியதும் அனுப்பு. ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வா. ரேஸ் புக்கை எப்படி நீளவாக்கில் மடித்து ஒரு கையில் பிடித்துக்கொள்வார்கள் என்று காட்டுகிறேன். அப்பாவுடையது ஒன்று, பென்சில் குறிகளோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்