பெரிய அறை யாருக்கு?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மூன்று வாரமாக உன் பேச்சில் உன்னோடு தங்கியிருக்கும் பெண் வரவே இல்லை. முன்பெல்லாம் அவள் சாவியைத் தொலைத்தது, பாடிக்கொண்டே துணி மடிப்பது எல்லாம் நான் கேட்காமலே சொல்வாய். போன வாரம் நானாகக் கேட்டேன். "இருக்கிறாள்" என்றாய். சரி, வேலை மும்முரம் என்று விட்டுவிட்டேன். அப்படி எழுதுகிறேனே தவிர, ராத்திரி படுத்தால் அதுதான் நினைப்பு.

அப்பாவுக்குக் கால்வலி பரவாயில்லை. உன் பதவி உயர்வைப் பற்றிப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான்.

வாடகையில் ஆளுக்குப் பாதி என்று சொல்லியிருந்தாய். பெரிய அறை உனக்கு, அதோடு சேர்ந்த குளியலறையும் உனக்கு. அப்புறம் எப்படிப் பாதி சரியாகும்? முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளின் மகள் அளந்து பார்க்காமல் பாதி என்று சொல்லலாமா? உன் அறை 150 சதுர அடி, அவளுடையது 100, கூடமும் சமையலறையும் மற்றதும் 400 என்று வைத்துக்கொள். பொது இடத்தை ஆளுக்கு 200 ஆகப் பிரித்தால் உன் பங்கு 350, அவள் பங்கு 300. நூற்றுக்கு ஏறக்குறைய 54-க்கு 46. அறையை மட்டும் அளந்தால் 60-க்கு 40 வரும். இரண்டும் கணக்குப்படி சரிதான். எது நியாயம் என்று அளக்கிற நாடா சொல்லாது, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஜன்னல் வெளிச்சம், தெருச் சத்தம் இதெல்லாம் சதுர அடியில் வராது.

அதற்கும் வழி இருக்கிறது. பெரிய அறைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தம் 100 என்றால், நீ 58 எழுதுகிறாய், அவள் 54 எழுதுகிறாள். அறை உனக்கு, நடுவில் 56 கொடு. நீ நினைத்ததைவிட 2 குறைவு. சின்ன அறைக்கு 46 தரத் தயாராக இருந்த அவளுக்கு 44-தான் ஆகிறது. அவளுக்கும் 2 மிச்சம். இல்லையென்றால் நீ இரண்டு அறைக்கும் விலை போடு, எந்த அறை என்று அவள் எடுக்கட்டும். உனக்கு இது புதிதில்லை. தம்பியோடு ஒரு ரப்பரைப் பங்கு போட ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, "நீ முதலில் எடு" என்று அவனிடம் நீட்டியவள் நீ.

எத்தனை பேர் இருந்தாலும், அத்தனை அறை இருந்தால், ஆளுக்கு ஒரு அறையைத் தாங்களே விரும்பி எடுக்கும்படி வாடகையைப் பிரிக்க முடியும் என்று, சில நிபந்தனைகளோடு, பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் 1999-இல் நிரூபித்துக் காட்டினார். 1928-இல் ஸ்பெர்னர் நிரூபித்த முக்கோணத் தேற்றம் ஒன்றுதான் அதற்கு அடிப்படை. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மொத்தத் தொகையைப் பிரிப்பதுதானே அந்தக் கணக்கு? மொத்தம் தெரியாதவள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பாள்?

இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். பேச்சோடு பேச்சாக ஒருநாள் "மொத்தம் எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியாதும்மா" என்றாய். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஏன் போனேன் என்று சொல்கிறேன்.

நானும் சித்தியும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம் என்பதுவரை உனக்குத் தெரியும். வீட்டுக்காரரிடம் பணம் கொடுத்தது நான். சித்தியிடம் வாடகையைக் கூட்டிச் சொன்னேன். பாதி என்று அவளிடம் வாங்கியது உண்மையில் நூற்றுக்கு 60. வீடு தேடியது நான், அட்வான்ஸ் போட்டது நான், குழாய் உடைந்தால் ஓடியது நான் என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அதற்காக இவ்வளவு கூட வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டேன். அலமாரியில் ரசீதைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதமும் அதே தொகையை எண்ணி மேஜையில் வைத்தாள். அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். உன் பட்டமளிப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாயே, அவளுக்கு வேலை என்றேன். வேலை எதுவும் இல்லை.

நீ அப்படிச் செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை அவளிடம் காட்டிவிடு. கட்டிலும் மேஜையும் நீ வாங்கியது என்றால் அதற்கு மாதம் இவ்வளவு என்று தனியாக எழுதி வாங்கு, தப்பில்லை. அட்வான்ஸ் உனக்குத் திரும்பி வரும் பணம், அதை வாடகையில் சேர்க்காதே. கரண்ட் பில் வரும்போதும் இருவரும் சேர்ந்தே பாருங்கள். முதலில் ஒப்பந்தத்தைக் காட்டு.

சித்திக்கும் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதற்கு மேல் போகவில்லை, நாளைக்கு மறுபடியும் உட்காருவேன்.

உன் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பில் என் தையல் இஞ்சு டேப்பை வைத்தேன். இருக்கிறதா பார். ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொல்.

அம்மா