முதியோர் இல்லம் நடத்துவோருக்குக் கணக்கும் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் இல்லங்களின் உணவு, சுகாதாரம், பாதுகாப்பு பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றை நடத்துவோருக்கு நிர்வாகமும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டாமா என்பது பற்றி மட்டும் பேச்சு எழுவதில்லை. கூட்டுறவுத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கோவை வட்டாரத்தில் சில சிறிய இல்லங்களின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். அவற்றை நடத்துவோரில் பெரும்பாலோர் நல்ல மனம் படைத்தவர்கள். ஆனால், ஒரு முதியவருக்கு மாதம் என்ன செலவாகிறது என்று கேட்டால் அவர்களிடம் விடை இருப்பதில்லை.

முதல் சிக்கல் வைப்புத்தொகை. சேரும்போது வாங்கி, பின்னர் திருப்பித் தர வேண்டிய அந்தப் பணம் இல்லத்தின் வருமானம் ஆகாது. அது கடன், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் பொறுப்புகளின் பக்கத்தில் நிற்க வேண்டியது. ஓர் இல்லத்தின் ரொக்கப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில், வரவில் புதிதாகச் சேர்ந்தவரின் வைப்புத்தொகையும், எதிரே செலவில் சமையலர், ஆயா, காவலாளி ஆகியோரின் சம்பளமும் மளிகைக் கடை பாக்கியும் எழுதப்பட்டிருந்தன. இப்படிப் போனால், ஒருவர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் வந்து கேட்கும்போது, வேறொருவர் புதிதாகச் சேர்ந்தால்தான் பணம் தர முடியும். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்கள்கூட இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆள் கணக்கும் இப்படித்தான். படுக்கையில் இருப்போருக்கு எந்நேரமும் ஓர் உதவியாளர் தேவை என்றால், எட்டு மணி நேர முறைக்கு மூன்று பேர் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். வாரத்திற்கு 168 மணி நேரம்; ஒருவர் ஆறு நாள் உழைத்தால் 48 மணி நேரம். வகுத்தால் மூன்றரை ஆள்; பண்டிகை விடுப்பும் உடல்நலக் குறைவும் சேர்ந்தால் நான்கு பேர் இல்லாமல் முடியாது. அந்த நான்காவது ஆளுக்குப் பணம் ஒதுக்காததால், பகலில் வேலை பார்த்த ஆயாவே இரவிலும் தங்குகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முதியவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தால் பழியும் அந்த ஆயா மேல்தான்.

நன்கொடையிலும் இதன் விளைவு தெரிகிறது. பிறந்தநாள், திதி, அமாவாசை என்று மதியச் சாப்பாட்டுக்குக் குறைவிருப்பதில்லை. மகாளய அமாவாசையன்று இரண்டு மூன்று வீட்டார் ஒரே வேளைக்குச் சோறு கொண்டுவந்து மீந்துபோவதும் உண்டு. ஆனால், படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று டயப்பர், ஒன்று 35 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,150 ரூபாய் ஆகிறது. அதையோ இரவுப் பணியாளர் சம்பளத்தையோ ஏற்பதாக எவரும் முன்வருவதில்லை. தலைக்கு ஆகும் செலவைத் தலைப்புவாரியாக எழுதி வைத்திருந்தால்தானே கொடையாளரிடம் கேட்க முடியும்?

வரி விதிகளை விரிக்கப் போவதில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடையாளருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதைக்கூட அறியாமல் ரசீது எழுதுவோர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பட்டயக் கணக்காளர் இதைக் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. கட்டடம் கட்டலாம், அதை நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் எங்கிருந்து வருவார்கள்? செவிலியர் உதவியாளர் பயிற்சிகள் உள்ளன. இல்லப் பொறுப்பாளர்களுக்கும் சமூக நலத் துறையும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பைத் தமிழிலேயே தொடங்கலாம். ரொக்கப் புத்தகம், வைப்புத்தொகைப் பதிவேடு, பணிமுறை அட்டவணை, மருந்து இருப்பு, தலைக்கான செலவு ஆகியவை போதும். பொறுப்பாளர் வாரநாள்களில் இல்லத்தை விட்டு வர இயலாதாகையால் வகுப்பு ஞாயிறு பிற்பகலில் அமைய வேண்டும். தேர்வுத்தாளுக்குப் பதிலாக, சேருவோர் தத்தம் இல்லத்தின் சென்ற ஆண்டு ரொக்கப் புத்தகத்தையே கொண்டுவந்து அதிலிருந்து ஐந்தொகை தயாரித்துக் காட்டச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
கோவை.