எதில் சோதித்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களுக்கு மூலிகைகள் தரும் நம்பிக்கையைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முள்சீத்தா, மஞ்சள், நித்தியகல்யாணி என்று நம் தோட்டத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவற்றைப் பற்றி ஆர்வத்தோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற சொற்கள் பல இடங்களில் வந்தனவே தவிர, அந்த ஆய்வு கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்ததா, எலிகளில் நடந்ததா, நோயாளிகளிடம் நடந்ததா என்ற விவரம் ஓரிடத்திலும் இல்லை. மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த விவரம் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதைச் சில உதாரணங்களால் காட்ட விரும்புகிறேன்.

முள்சீத்தா கீமோதெரபியைவிட 10,000 மடங்கு வலிமையானது என்ற செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த எண் யாரோ கற்பனையில் சொன்னதல்ல. 1996-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹெச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுசெல்களைக் கொல்வதில் அட்ரியமைசின் என்ற மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியம் காட்டியது. சோதித்தது விதையிலிருந்து எடுத்த பொருளை. மக்கள் காய்ச்சிக் குடிப்பதோ இலையை. ஒப்பிடப்பட்ட அட்ரியமைசினும் பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்தல்ல. தட்டில் இருக்கும் செல்லுக்குக் கல்லீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை, நரம்பும் இல்லை. அந்த நரம்புதான் இங்கே கவலைக்குரியது. முள்சீத்தா இலைத் தேநீரும் பழமும் அதிகம் உட்கொள்ளப்படும் கரீபியன் தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத, பார்க்கின்சன் (நடுக்குவாதம்) போன்ற நோய் மிகுந்து காணப்படுவதை 1999-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர்; அதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் நரம்பு செல்களைச் சிதைப்பதைப் பின்வந்த விலங்கு ஆய்வுகள் காட்டின.

மஞ்சளின் கதை வேறு. அது மனிதர்களிடமே சோதிக்கப்பட்டிருக்கிறது. குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் (சிறு சதை வளர்ச்சிகள்) தோன்றி, கவனிக்காமல் விட்டால் புற்றாக மாறும் பரம்பரை நோய் உள்ள 5 பேருக்கு, மஞ்சளிலுள்ள குர்குமினை இன்னொரு தாவரப் பொருளோடு சேர்த்து ஆறு மாதம் கொடுத்தபோது, பாலிப்களின் எண்ணிக்கை சராசரியாக 60 சதவீதம் குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகெங்கும் செய்தியானது அதுதான். அதே ஆய்வாளர் பின்னர் 44 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்குக் குர்குமினும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும், யாருக்கு எது என்று தெரியாத வகையில், ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். 2018-இல் வெளிவந்த முடிவின்படி இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தமது பழைய முடிவைத் தாமே கடுமையாகச் சோதித்து உள்ளபடி வெளியிட்ட அந்த நேர்மையை எந்தச் செய்தித்தாளும் முதல் செய்தி அளவுக்குக் கொண்டாடியதாக நான் பார்க்கவில்லை. அந்த ஆய்வில் ஒருநாள் அளவு 3 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே என்பதால், அதைச் சமையலில் பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு 100 கிராம் மஞ்சள்தூள் தின்ன வேண்டும்.

இவ்வளவு சொல்வதால் மூலிகைகளை நான் ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்று உலகெங்கும், நம் அரசு மருத்துவமனைகளிலும், இரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படும் ஐரினோடீகன் என்ற மருந்தே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். தென்சீனத்து மரமான கேம்ப்டோதெக்காவிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை மன்றோ வால், மன்சுக் வானி ஆகியோர் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தனர். 1972-இல் பம்பாயிலிருந்த சீபா ஆய்வு மையத்தில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தாபோடைட்டிஸ் மரத்தில் நிறையவே இருப்பதைக் கண்டறிந்தார்கள். தங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டிய மூலிகை இதுவே என்பேன். ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் அந்த மரப்பட்டை அப்படியே மருந்தாகிவிடவில்லை. தண்ணீரில் கரையாத கேம்ப்டோதெசினை உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவும் கடும் வயிற்றுப்போக்கும் வந்ததால், 1970-களில் சோதனையே கைவிடப்பட்டது. செல் பெருகும்போது டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் நொதியொன்றை இது முடக்குகிறது என்பது 1985-இல் தெளிவான பிறகுதான் ஆர்வம் மீண்டது. ஜப்பானில் அதன் மூலக்கூற்றைத் திருத்தி, கரையக்கூடிய ஐரினோடீகனை உருவாக்கினார்கள். 1996-இல் அமெரிக்கா பெருங்குடல் புற்றுநோய்க்கு அதை அனுமதித்தது. மரத்திலிருந்து மருந்து வரை முப்பது ஆண்டுகள். இன்றும் அதற்கு வயிற்றுப்போக்கு முதலிய பக்கவிளைவுகள் உண்டு. ஆனால் எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும், யாருக்குக் குறைக்க வேண்டும் என்பது தெரியும். நித்தியகல்யாணியும் இப்படித்தான். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் இரத்தப் புற்றுநோய்களுக்கு அருமருந்து, பெருங்குடல் புற்றுநோய்க்கு அது பயன்படுவதில்லை; இலையை அரைத்துக் குடிப்பவருக்குத் தான் எத்தனை மில்லிகிராம் விஷத்தை விழுங்குகிறோம் என்று அறிய வழியும் இல்லை.

நம்பிக்கை தரும் புதிய செய்திகளும் உண்டு. மரமஞ்சளிலுள்ள பெர்பெரினைச் சீனாவில், பாலிப் அகற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இரண்டாண்டுக்குள் பாலிப் மீண்டும் தோன்றியது பெர்பெரின் எடுத்தோரில் 36 சதவீதத்தினருக்கு, மற்றவரில் 47 சதவீதத்தினருக்கு என்று 2020-இல் முடிவு வெளியானது. புற்றைக் குணமாக்குவது வேறு, பாலிப் திரும்புவதைக் குறைப்பது வேறு என்றாலும், ஒரு மூலிகைப் பொருளைப் பற்றி இப்படித்தான் பேச வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கீமோ நடக்கும்போதே கூடவே கஷாயமும் கேப்சூலும் எடுப்பவர்கள் பலர். ‘இயற்கைதானே, கெடுதல் செய்யாது’ என்ற நினைப்பு இங்கே ஆபத்தானது. மனச்சோர்வுக்காக ஐரோப்பியர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, ஐரினோடீகன் உடலில் மாறி உண்டாகும் செயல்படு பொருளின் அளவை 42 சதவீதம் குறைத்துவிடுவதை 2002-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. (அதுவும் 5 பேரிடம் நடந்ததுதான், ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் மூலிகையோடும் மூலிகையின்றியும் அளந்து ஒப்பிட்டார்கள்.) எதிர்த்திசையிலும் இது நடக்கலாம். மிளகிலுள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் சேர்ந்தால் குர்குமின் உடலில் ஏறும் அளவு 20 மடங்கு கூடுவதைப் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் கண்டனர். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால் அது நேர்கிறது. அந்த நொதிகள் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றையும் சிதைப்பவை. ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, குர்குமினோடு பிப்பெரின் சேர்த்து விற்கும் மாத்திரைகளைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு காலதாமதம். பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வழிகளை மட்டும் நாடியவர்களை அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து யேல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர்; பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் அவர்களின் இறப்பு அபாயம் நான்கரை மடங்காக இருந்தது. நம் ஊரில் தாமதம் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மலத்தில் இரத்தம் கண்டவர், பேருந்து நிலையச் சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான் முதலில் போன் செய்கிறார். மூலமாகவே இருக்கலாம், ஆனால் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை) செய்யாமல் அதைத் தீர்மானிக்க முடியாத வயதும் அறிகுறிகளும் உண்டு.

எனவே மூலிகை குறித்த செய்தி ஒவ்வொன்றிலும், செடியின் எந்தப் பாகம், எதில் சோதிக்கப்பட்டது, எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு என்ற விவரங்களை ஓரிரு வரிகளில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடை செய்திருப்பதால், விளம்பரப் பக்கத்தைக் கவனிப்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம். மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கஷாயம் குடிக்கிறேன் என்று சொன்னால் திட்டு விழும் என்பதாலேயே நோயாளிகள் மறைக்கிறார்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று முகம் சுளிக்காமல் கேட்டுக் குறித்துக்கொண்டால், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடரலாம் என்று அப்போதே சொல்லிவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
திருச்சி.