கார் செட் தரை விஷயமாக

அன்புள்ள தாயிக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். மதுரை ஆள் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார். "எப்பாக்சி கோட்டிங், இரண்டு கோட், சாம்பல் நிறம்." அதன்கீழ் ஒரு தொகை, முன்பணம் 70 சதவீதம். அதற்கும் கீழே நீ எழுதியது "ஓகேவாப்பா?" ஓகே இல்லை. பணம் எதையும் அனுப்பிவிடாதே.

இரண்டு கோட் என்பது ஒரு அளவே இல்லை. கனம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எழுதித் தரச் சொல். தண்ணீரோ தின்னரோ கலக்காத கெட்டி எப்பாக்சிப் பிசின் ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி வெறும் பெருக்கல். அவர் போட்டிருப்பது 240 சதுர அடி, அதாவது 22.3 சதுர மீட்டர். கார் ஏறி இறங்கும் தரைக்குப் பிரைமர் 200 மைக்ரான், மேலே 300 மைக்ரானாவது வேண்டும். பிரைமருக்கு நாலரை லிட்டர், மேல்பூச்சுக்கு 6.7 லிட்டர், ரோலரிலும் வாளியிலும் ஒட்டிப்போவது பத்தில் ஒரு பங்கு. ஆக 12 லிட்டருக்குக் குறைந்து எடுத்து வந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். தண்ணீர் கலந்த எப்பாக்சி என்றால் இந்தக் கணக்கும் செல்லாது. அதில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போகும், தரையில் நிற்பது மிச்சம்தான். டின்னில் கெட்டிப்பொருள் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல். கணக்கில் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே என் பில்களில் தப்புக் கண்டுபிடித்தவள் நீ.

240 என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. போட்டுக் கிடக்கும் காங்கிரீட் 20-க்கு 20. இரண்டு கார் நிற்க 400 சதுர அடி. நீதான் 12-க்கு 20 போதும் என்று சொன்னதாக அவர் சொல்கிறார். சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் பயம் எனக்கு ஈரம்தான். நம் மனையில் மழைக்காலத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஊறும் என்று உனக்குத் தெரியும், பெரியப்பா வீட்டுக் கக்கூஸ் குழி தோண்டியபோது பார்த்தாயே. தளத்துக்கு அடியில் 1000 கேஜ் பாலித்தீன் விரிப்பு போட்டுத்தான் ஊற்றியிருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் கொத்தனார் கம்பி கட்டும்போது எத்தனை இடத்தில் மிதித்துக் கிழித்தானோ யார் கண்டது. கீழிருந்து ஏறும் ஈரம் வெறும் காங்கிரீட்டில் ஆவியாகிப் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. மேலே எப்பாக்சி மூடியதும் போக வழி இல்லை. உள்ளே உப்பும் இருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். குத்திப் பார்த்தால் தண்ணீர் வரும். இது பூசிய வாரத்தில் வராது, அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதற்குள் ஆள் முழுப் பணத்தையும் வாங்கிப் போயிருப்பார்.

சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் தரையில் வைக்க வேண்டும். குறைந்தது 16 மணி நேரம், ஒரு முழு நாள் என்றால் இன்னும் நல்லது. பிரித்துப் பார்க்கையில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தாலோ, காங்கிரீட் கறுத்திருந்தாலோ காத்திருக்க வேண்டும். மூன்று இடத்தில் வைக்கச் சொல்கிறேன்: கேட் பக்கம், நடுவில், துவைக்கிற கல்லை ஒட்டிய மூலையில். அந்த மூலைதான் எனக்குச் சந்தேகம். ஈர மீட்டர் கொண்டுவந்தால் 4 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டாலும் வழி இருக்கிறது. எப்பாக்சியும் சிமெண்டும் சேர்ந்த மூன்று பாகப் பூச்சு ஒன்றை முதலில் இழுத்துவிட்டு அதன்மேல் போடலாம். செலவு கூடும். அது தேவைப்பட்டால் என்ன தொகை என்பதை இப்போதே கொட்டேஷனில் தனி வரியாக எழுதி வாங்கு, வேலை நடுவில் வந்து கேட்டால் மறுக்க முடியாது.

அடுத்தது தரையைச் சுரண்டுவது. அவர் ஆசிட் ஊற்றிக் கழுவுவதாகப் போனில் சொன்னார். வேண்டவே வேண்டாம். ஆசிட் தன் பங்குக்குக் குளோரைடை விட்டுப்போகும், ஏற்கெனவே உப்புக்காற்றில் கிடக்கிற காங்கிரீட்டில் இன்னும் உப்பு எதற்கு? அதைக் கழுவக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பார்கள், அதுவும் உவர். கம்பி போட்ட காங்கிரீட் கலக்கும் தண்ணீருக்கே லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. நம் கிணறு எங்கே, அந்த அளவு எங்கே! எதற்காவது கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் காவிரித் தண்ணீர் வருகிற அன்று பிடித்து வைத்துக் கொடுக்கிறேன்.

வைரப்பல் கிரைண்டர் மெஷினும் தூசி உறிஞ்சும் வாக்குவமும் கொண்டுவர வேண்டும். கொத்தனார் வழவழப்புக்காக மேலே சிமெண்ட் பால் தேய்த்திருக்கிறான், நான் சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தோல் முழுக்கப் போக வேண்டும். எப்பாக்சி சிமெண்ட் பாலில் நன்றாகவே ஒட்டும், சிமெண்ட் பால்தான் காங்கிரீட்டை விட்டுக் கழன்று வரும். உரிந்த பூச்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மாவு மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். சுரண்டியபின் தடவிப் பார்த்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாள்போல் சொரசொரக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் உடனே குடிக்க வேண்டும், உருண்டு நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. என் ஸ்கூட்டர் ஆயில் சொட்டிய இடத்தைச் சுரண்டுவதற்கு முன்பே டிகிரீசர் போட்டு எடுக்கச் சொல்வேன். முதலில் மெஷின் ஓட்டினால் எண்ணெயை எல்லா இடத்துக்கும் இழுத்துவிடும். சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தால் பொள்ளலான இடம் வேறு சத்தம் தரும், அதை உடைத்துவிட்டு எப்பாக்சி மணல் கலவையால் நிரப்ப வேண்டும். விரிசலை வாயகல வெட்டி எப்பாக்சி மக்கு வைக்கலாம். சுவரும் தரையும் சேரும் இடத்தில் மட்டும் அதை வைக்கக் கூடாது, அங்கே அசைவு உண்டு. பாலியூரித்தேன் சீலன்ட் போதும்.

தானாகப் பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் பூச்சு போட்டால் கண்ணாடிபோல் இருக்கும் என்று அவர் உன்னிடம் ஆசை காட்டியிருக்கிறார். நம் தளத்துக்குக் கேட்டை நோக்கி 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு கொடுத்திருக்கிறது. அது அத்தனையும் கேட் பக்கம் வழிந்துபோய்த் தேங்கும். ரோலர் பூச்சுதான் சரி. ஈரக் காலோடு நடக்கிற தரை, சின்னவள் ஓடுகிற தரை, அதனால் நடுப் பூச்சில் மெல்லிய குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்.

சின்னவளுக்கு இங்கே எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று அம்மாவிடம் விசாரித்தாயாம். சும்மா கேட்டேன் என்றாயாம். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கலுக்கும் நீங்கள் இரண்டு பேர்தான் வந்தீர்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய், நாங்களும் சரி என்றோம். கேட்கவில்லை என்றால் தெரியவில்லை என்று நினைக்காதே.

இந்த மாதமே முடியணும் என்று ஏன் இத்தனை அவசரம்? மழை விட்டு இன்னும் முழுசாக நிலம் காயவில்லை. விடிகாலையில் செட் தரையில் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. காற்று 28 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், 24 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் வேர்த்துப் படியும். அந்த அளவைவிட மூன்று டிகிரி கூடுதலாகவே தரை இருக்க வேண்டும் என்பது விதி, அதாவது 27. தை மாதத்துக் காலையில் 27 எங்கே வரும்? மீறிப் பூசினால், எப்பாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே வெள்ளையாக மெழுகு மாதிரி ஒரு படலம் எழும்பும். அதைக் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் தாள் தாளாக உரியும். வெயில் ஏறும் நேரத்தில் பூசினால் வேறு வம்பு. காங்கிரீட் சூடாகச் சூடாக உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும், தரை முழுக்க ஊசித்துளை. ஆகவே பிற்பகல் மூன்று மணி வாக்கில், தரைச் சூடு இறங்கத் தொடங்கியதும் ஆரம்பித்து, பனி இறங்குவதற்குள் அது இறுகிவிட வேண்டும். மாசிக் கடைசி, பங்குனிதான் தோது. அதை விட்டால் கச்சான் காற்று எழும்பி மணலை வாரி ஈரப் பூச்சில் ஒட்டும், தார்ப்பாய் கட்டினாலும் முழுக்கத் தடுக்க முடியாது. இரண்டு மாதம் பொறுத்தால் தரைக்கு ஒன்றும் ஆகாது. நீ வந்து இருப்பதற்குத் தரை தடையா என்ன? உன் அறை அப்படியேதான் இருக்கிறது. வா.

கலக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். டின்னில் போட்டிருக்கும் விகிதம் என்னவோ அதுவே, கண் மதிப்பு ஆகாது. சின்ன வேலைக்கு அரை டின் கலக்கிறேன் என்று பிரித்தால் அங்கேதான் தப்பும். நிமிடத்துக்கு 300, 400 சுற்றுக்கு மேல் போகாத டிரில்லில் மூன்று நிமிடம் கலக்கி, ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்க வேண்டும். கலக்கியதும் மொத்தத்தையும் தரையில் கோடாக ஊற்றிவிட வேண்டும். வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகைந்து கல்லாகும், நம் ஊர்ச் சூட்டில் இருபது நிமிடம்கூடத் தாங்காது. வாளியைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக வடியவிடவும் கூடாது. ஓரத்தில் சரியாகக் கலக்காமல் ஒட்டியிருந்தது இறங்கி, அந்த இடம் மட்டும் மாதக்கணக்கில் காயாமல் பிசுக்கென்று கிடக்கும். தின்னர் விட்டு இளக்குவதை விடமாட்டேன். பிரைமருக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு நாளுக்கு மேல் போனால் மறுபடி உப்புத்தாள் போட வேண்டும். அந்த இரண்டு நாளும் அம்மாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுகிறேன். வீசிங் இருக்கிறவளுக்கு அந்த வாடை ஆகாது, செட்டை ஒட்டித்தான் அவள் படுக்கிற ஜன்னல்.

மேலே கடைசியாக அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் ஒரு கோட் கேள். கொட்டேஷனில் அது இல்லவே இல்லை. கேட் வழியாகச் சாயங்கால வெயில் எட்டடி தூரம் உள்ளே வரும், வெறும் எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகும். டயருக்கும் அது நல்லது. பெங்களூரிலிருந்து ஒரே ஓட்டமாக வந்து நிறுத்தினால் டயர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறும்போது அது பூச்சைப் பிடித்து இழுக்கும், அடிப்பிடிப்பு சரியில்லாத தரை டயர் அகலத்துக்கு உரிந்து அதோடு வரும். மாப்பிள்ளை வண்டி டயர் அகலம், உன் வண்டிக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே எந்த வண்டி நிற்கும் என்று நான் அனுமானிக்க முடியாது. பூசி ஒரு நாள் கழித்து நடக்கலாம், ஏழு நாள் கழித்துத்தான் வண்டி. யார் வந்தாலும் அதுவரை வெளியேதான் நிற்கட்டும்.

பணம்: முன்பணம் மூன்றில் ஒன்று, சுரண்டி முடித்து நான் பார்த்தபின் ஒன்று, மிச்சம் வண்டி ஏறியபின். கொப்புளத்துக்கும் உரிவதற்கும் வருகிற மார்கழி வரை பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும். 70 சதவீதம் முன்னால் கொடுக்க முடியாது. உன் சம்பளத்தில் எழும்புகிற வீடு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ ஒரு வரி போன் பேசி ஆளை அமர்த்துகிறாய். மறுபடி சொல்கிறேன், அனுப்பிவிடாதே.

ஒரே ஒரு விஷயம் நீ சொல்லியே ஆக வேண்டும். 12 அடியோடு நிறுத்துவதானால் நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். அந்தச் சுவருக்கும் அதன் சிமெண்ட் பூச்சுக்கும் ஊற்றுகிற தண்ணீர் தளத்தில்தான் இறங்கும், அது காய்ந்தபிறகுதான் பாலித்தீன் சோதனையே வைக்க முடியும். மாசியில் பூசணும் என்றால் சுவர் இந்த வாரமே ஏற வேண்டும், செங்கல் இருக்கிறது. 400 முழுக்க என்றால் சுவர் வேண்டாம், ஆனால் இரண்டாவது வாசலுக்கு ஷட்டர் சொல்ல வேண்டும். சாமானும் ஒரே பேட்சில் வாங்கணும், பாதி இப்போது பாதி அப்புறம் என்றால் நிறம் சேராது. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அழை, அம்மா தூங்கியிருப்பாள். 240 என்றாலும் 400 என்றாலும் எனக்கு ஒன்றுதான், கொத்தனாரிடம் என்ன சொல்ல என்று மட்டும் தெரியணும்.

அப்பா